கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு



உரிமை, கல்வி, அன்பு. மேடைகளில் அதிகம் புழங்கும் மூன்று சொற்கள் இவை. உரிமையைப் பற்றிப் பேசுவோர் சட்டத்தைப் பேசுவார்கள். கல்வியைப் பற்றிப் பேசுவோர் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பேசுவார்கள். அன்பு என்றவுடன் பேச்சு காதலர் தினத்துக்கும் அன்னையர் தினத்துக்கும் போய்விடும். இந்த மூன்றும் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நடந்த உண்மைக் கதை அது. அதன் நாயகி செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை.

மார்ட்டின் லூதர் கிங்கை அறியாதவர் இல்லை. பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்சையும் பலர் அறிவர். செப்டிமா கிளார்க்கின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. ஆனால், 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ரோசா பார்க்ஸ் கைதானார் அல்லவா? அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் ஒரு பயிற்சிப் பட்டறைக்குச் சென்றிருந்தார். அந்தப் பட்டறையை வழிநடத்தியவர் இந்த ஆசிரியைதான்.

பேருந்துக்குள் ஒரு வகுப்பு

சார்ல்ஸ்டன் துறைமுக நகரை அடுத்து ஜான்ஸ் ஐலண்ட் என்றொரு தீவு இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் வாழும் தீவு. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் விவசாயம் பார்த்தார், பேருந்தும் ஓட்டினார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் படிப்பை விடவில்லை. நகரத்தில் தம்மிடம் காய்கறி வாங்கும் வியாபாரிகள் பலர் கிரேக்கர்கள் என்பதைக் கண்டு, அவர்களோடு பேரம் பேசுவதற்காகவே கிரேக்க மொழியைக் கற்றுக் கொண்டவர்.

ஒவ்வொரு நாள் காலையிலும் தீவு மக்களை அவர் நகரத்துக்கு ஏற்றிச் செல்வார். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள் எனப் பலரும் அதில் பயணம் செய்வார்கள். அந்தப் பயணத்தில் ஜென்கின்ஸ் ஒரு காரியம் செய்தார். மாநில அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதிகளைத் தட்டச்சு செய்து பயணிகளிடம் கொடுத்தார். அவற்றைப் படித்துக் காட்டினார், விளக்கினார்.

ஏன் இந்த வேலை? தென் கரோலினாவின் 1895-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஒரு விதி இருந்தது. வாக்காளராகப் பதிய வேண்டும் என்றால், அதிகாரி காட்டும் ஏதாவது ஒரு பகுதியைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். கறுப்பினத்தவருக்கு நல்ல பள்ளியும் கிடையாது, நல்ல கூலியும் கிடையாது. படிக்க விடாமல் செய்துவிட்டு, படிக்கத் தெரியாததால் ஓட்டு இல்லை என்று சொன்ன சட்டம் அது.

பேருந்தில் அலிஸ் வைன் என்றொரு பெண்மணி வருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அபாரமான நினைவாற்றல். பிறர் படிப்பதைக் கேட்டுக் கேட்டே அந்தச் சட்டப் பகுதியை மனப்பாடம் செய்தார். பதிவு அலுவலகத்தில் அதை அப்படியே ஒப்புவித்து வாக்காளராகவும் ஆகிவிட்டார்.

அத்தோடு அவர் மகிழ்ந்து வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவருக்கு மனம் ஒப்பவில்லை. தமக்கு உண்மையிலேயே படிக்கக் கற்றுத் தர வேண்டும் என்று ஜென்கின்சிடம் கேட்டார். கிடைத்த உரிமைக்குத் தகுதியானவராக அவரே தம்மை ஆக்கிக் கொள்ள விரும்பினார். பின்னாளில் மாநிலம் மாநிலமாகப் பரவிய ஓர் இயக்கத்துக்கு, அந்தப் பெண்மணியின் ஆசையும் ஒரு விதையாயிற்று.

அடிமையின் மகள்

அந்த ஆசையை நிறைவேற்ற வந்தவர் செப்டிமா கிளார்க். அவர் யார் என்பதைத் தெரிந்து கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

செப்டிமா 1898-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் சார்ல்ஸ்டனில் பிறந்தார். தந்தை பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில், எசமானின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது அவருடைய வேலை. பள்ளி வாசல் வரைதான் அவர் போகலாம். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது அக்காலத்தில் அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். தாயார் விக்டோரியா வீட்டிலேயே துணி வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். தந்தை சாதுவானவர். தாயார் யாருக்கும் அஞ்சாதவர். மகளுக்கு இருவருடைய குணமும் வாய்த்தது.

1916-இல், 18 வயதில், செப்டிமா ஆசிரியப் பயிற்சியை முடித்தார். சார்ல்ஸ்டன் நகரத்தின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அப்போது இடமில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளை ஆசிரியர்கள்தான் பாடம் நடத்தினர். ஆகவே அவர் ஜான்ஸ் ஐலண்டுக்குச் சென்றார். பாலம் இல்லாத காலம். படகில் பல மணி நேரப் பயணம்.

அங்கே 132 பிள்ளைகள். அவர்களுக்கு இரண்டே ஆசிரியர்கள். சாலைக்கு மறுபுறம் வெள்ளையர் பள்ளி. அதில் மூன்றே மாணவர்கள். அவர்களுக்கென ஓர் ஆசிரியர். அந்த ஓர் ஆசிரியரின் சம்பளம், இந்த இரு ஆசிரியைகளின் சம்பளத்தைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இல்லை. காகிதப் பைகளைக் கிழித்து, அவற்றில் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைக் கதைகளாக எழுதிப் பாடம் சொல்லிக் கொடுத்தார் செப்டிமா.

மாலையில் பெரியவர்களும் அவரைத் தேடி வந்தனர். சங்கக் கூட்டங்களில் பேசுவதற்குப் பேச்சை எழுதிப் படிக்க வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு. பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெற்றோருக்கும் ஒரே ஆசிரியை. பின்னாளில் நடந்தவை எல்லாவற்றுக்கும் அங்கேதான் அடித்தளம் இடப்பட்டது.

1919-இல் அவர் நகரத்துக்குத் திரும்பியிருந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்று ஒரு மனு தயாரானது. செப்டிமா வீடு வீடாக ஏறி இறங்கிக் கையொப்பம் திரட்டினார். மறு ஆண்டே கதவு திறந்தது. உரிமைக்காக அவர் கண்ட முதல் வெற்றி அது.

வீட்டுக்குள் விழுந்த இடிகள்

பொதுவாழ்வில் இருப்போரின் சொந்த வாழ்க்கை எளிதில் மறக்கப்படுகிறது. செப்டிமா 1920-இல் நெரி கிளார்க் என்ற கடற்படைச் சமையல்காரரை மணந்தார். முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட நிறைவடையாமல் இறந்து போனது. பிறகு ஒரு மகன் பிறந்தான். 1925-இல் கணவரும் சிறுநீரக நோயால் காலமானார். அப்போது செப்டிமாவுக்கு 27 வயது. கையில் பால் மணம் மாறாத பிள்ளை.

ஆசிரியையின் சம்பளத்தில் தனியாக வீடு எடுத்துப் பிள்ளையை வளர்க்க முடியவில்லை. மகனைக் கணவரின் பெற்றோரிடம் விட்டார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், சொந்தப் பிள்ளையின் வளர்ச்சியைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. அன்பு என்பது எப்போதும் அருகில் இருப்பது என்று சொல்வோர் உண்டு. தூரத்திலிருந்து பணம் அனுப்பிப் பிள்ளையை வளர்த்த தாய்மார்களைக் கேட்டால், அவர்கள் வேறு ஒன்றைச் சொல்லக்கூடும்.

அந்தத் துயரத்துக்கு நடுவிலும் அவர் படிப்பை நிறுத்தவில்லை. கோடை விடுமுறைகளில் பல்கலைக்கழக வகுப்புகளுக்குச் சென்றார். இளங்கலைப் பட்டம் பெற்றபோது ஆண்டு 1942, வயது 44. முதுகலைப் பட்டம் பெற்றது 1946-இல். 18 வயதில் ஆசிரியையானவர் முதுகலைப் பட்டம் வாங்க முப்பது ஆண்டுகள் ஆயின. நாற்பது வயதுக்கு மேல் என்ன படிப்பு என்று அலுத்துக் கொள்வோருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

726 கடிதங்கள்

1954-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்பது அதன் சாரம். தென் மாநிலங்கள் கொதித்தன. அந்த வழக்கை நடத்திய உரிமைச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று 1956-இல் தென் கரோலினா சட்டம் இயற்றியது.

செப்டிமாவுக்கு அப்போது 58 வயது. 40 ஆண்டு அனுபவம். ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உறுப்பினர் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போனது. ஓய்வூதியமும் போனது.

தம்மோடு சேர்ந்து எதிர்ப்புத் தெரிவிக்குமாறு கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அனுப்பியவை 726 கடிதங்கள். பதில் எழுதியவர்கள் 26 பேர். அவரைப் பாராட்டி விருந்து கொடுத்த தோழிகள்கூட, அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக் கொள்ள அஞ்சினார்கள். படம் வெளியே போனால் தங்கள் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கைவிட்ட 700 பேர் மீது ஒருவருக்கு எவ்வளவு கோபம் வரும்? கோழைகள் என்று ஏசலாம். துரோகிகள் என்று ஒதுக்கலாம். பொது இயக்கங்கள் பல உடைவது இந்த இடத்தில்தான். எதிரியின் மீதுள்ள கோபத்தைவிட, கூட வராத சொந்தக்காரர் மீதுள்ள கோபம்தான் அதிகம் சுடும்.

செப்டிமா வேறு விதமாகச் சிந்தித்தார். அந்தத் தோல்விக்கான காரணத்தைத் தம்மிடமே தேடினார். ஆசிரியர்கள் மனத்தளவில் தயாராகும் முன்பே அவர்களைத் தாம் தள்ளிவிட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். 1986-இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பே, உள்ளுக்குள் தயாராவதைக் குறிப்பதுதான். பயந்தவரை வெறுக்காமல், அவர் தயாராகும் வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். நாற்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவர், 58-ஆம் வயதில் தாமே கற்றுக் கொண்டது இது.

மளிகைக் கடைக்குப் பின்னால்

வேலை இழந்தவரை டென்னசி மாநிலத்தில் இருந்த ஹைலண்டர் மக்கள் பள்ளி அழைத்துக் கொண்டது. 1932-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் பயில்வார்கள். அந்நாளில் தென் மாநிலங்களில் இது பெரும் துணிச்சல். அதை நிறுவியவர்களில் ஒருவரான மைல்ஸ் ஹார்ட்டனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மக்களின் பிரச்சினைக்கு விடை அந்த மக்களின் அனுபவத்திலேயே இருக்கிறது என்பது அது.

ஈசா ஜென்கின்ஸ் தம் தீவுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டது இங்கேதான். அதற்கு முன்பும் அந்தத் தீவில் முதியோர் கல்வி முயற்சிகள் நடந்ததுண்டு. எவையும் நிலைக்கவில்லை. காரணம் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. பெரியவர்களைச் சிறுபிள்ளைகளின் சின்ன மேசைகளில் உட்கார வைத்தார்கள். முழங்கால் மடங்காமல் தவித்த அவர்களைப் பிள்ளைகள் கேலி செய்தனர். வகுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அரிச்சுவடி அவர்களுக்குக் கடினமாக இல்லை. அவமானம்தான் கடினமாக இருந்தது.

புதிய பள்ளிக்கு இடம் தரப் பலரும் அஞ்சினார்கள். ஹைலண்டர் 1,500 டாலர் கடன் கொடுத்தது. தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியிலிருந்து பார்ப்போருக்குக் கடை மட்டுமே தெரியும்.

ஆசிரியராக யாரைப் போடுவது? இங்கேதான் செப்டிமாவின் அறிவு வேலை செய்தது. பட்டம் பெற்ற ஆசிரியர் எவரையும் அவர் தேடவில்லை. தம் உறவினரான பெர்னிஸ் ராபின்சனைக் கேட்டார். அவர் சார்ல்ஸ்டனில் சிகையலங்காரத் தொழில் செய்தவர், தையலும் தெரிந்தவர். தமக்குக் கற்பிக்கத் தெரியாது என்று அவர் மறுத்தார். செப்டிமா விடவில்லை. தொழில்முறை ஆசிரியர்கள் இலக்கணம் பேசுவார்கள், பாமரரைத் திருத்த முற்படுவார்கள். ராபின்சன் காது கொடுத்துக் கேட்பவர். இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையிலிருந்து நீக்க எந்த வெள்ளை அதிகாரியாலும் முடியாது.

1957-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் இரவு முதல் வகுப்பு தொடங்கியது. வந்தவர்கள் 14 பேர். வயலில் வேலை குறைந்திருக்கும் குளிர்கால மாதங்களில், வாரத்தில் இரண்டு இரவுகள் வகுப்பு. ராபின்சன் தொடக்கப்பள்ளிப் புத்தகங்களைக் கொண்டு போயிருந்தார். அங்கிருந்த முகங்களைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கி வைத்தார். தாம் அவர்களுக்கு ஆசிரியராக வரவில்லை என்றும், சேர்ந்தே கற்கப் போவதாகவும் அவர்களிடம் சொன்னார். பிறகு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

அவர்கள் சொன்ன பதில்கள் எளியவை. தங்கள் பெயரை எழுத வேண்டும். வேத நூலைப் படிக்க வேண்டும். இராணுவத்தில் இருக்கும் மகன் எழுதும் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும். அஞ்சல் வழிப் பொருள் வாங்கும் படிவத்தையும் பணவிடைப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். வாக்காளராகப் பதிய வேண்டும். இந்தப் பட்டியலே பாடத்திட்டமானது. கையெழுத்துப் போட, அட்டையில் எழுதிய பெயரின் மீது பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பழகினார்கள். சுவரில் ஐக்கிய நாட்டு மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது. பயிற்சி முடிவதற்குள் அதைப் படித்துப் புரிந்து கொள்ள வேண்டும் என்பது இலக்கு.

வகுப்பில் 65 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். வந்தபோது அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஓர் இரவு ராபின்சன் எல்லாருடைய பெயர்களையும் பலகையில் எழுதி, தங்கள் பெயர் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த மூதாட்டி எழுந்து வந்தார். ஆசிரியையின் கையில் இருந்த அளவுகோலை வாங்கினார். பலகையில் தம் பெயரைத் தொட்டுக் காட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். தமக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று ராபின்சன் பின்னாளில் அந்தக் கணத்தை நினைவு கூர்ந்தார். 65 ஆண்டுகள் பிறர் வாயால் மட்டுமே கேட்ட தம் பெயரை, அவர் அன்றுதான் கண்ணால் கண்டார்.

அநியாயத் தேர்வுக்கு ஏன் படிக்க வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். அந்த எழுத்தறிவுத் தேர்வே அநியாயம். அதில் தேறுவதற்குப் பாடம் நடத்துவது அந்த அநியாயத்தை ஏற்றுக் கொள்வது ஆகாதா?

நியாயமான கேள்விதான். செப்டிமா இரண்டு வேலைகளையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. சட்டத்தை மாற்றப் போராட வேண்டும். மாறும் வரை மக்கள் கைகட்டிக் காத்திருக்கவும் கூடாது. தேறியவர்கள் ஓட்டுப் போடுவார்கள். அந்த ஓட்டே சட்டத்தை மாற்றும் வலிமையாகும். 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தென் கரோலினா உள்ளிட்ட தென் மாநிலங்களில் அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. அப்போதும் வகுப்புகள் மூடப்படவில்லை. ஓட்டுச் சீட்டு கையில் வந்தால் போதாது. பள்ளி வாரியம் என்ன செய்கிறது, வரிப்பணம் எங்கே போகிறது, யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் தெரிய வேண்டுமே. தேர்வுக்காக மட்டும் நடந்த வகுப்பாக இருந்திருந்தால், தேர்வு போனவுடன் வகுப்பும் போயிருக்கும்.

அந்த வகுப்புகளைக் கண்டு அதிகாரம் அஞ்சியது. 1959-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் இரவு போலீசார் ஹைலண்டர் பள்ளிக்குள் நுழைந்தனர். மதுபானம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 61 வயது செப்டிமாவைக் கைது செய்தனர். அந்தக் குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் பள்ளியின் உரிமம் பறிக்கப்பட்டு, 1961-இல் அது மூடப்பட்டது. அதற்குள் இந்தக் குடியுரிமை வகுப்புகள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான இயக்கத்தின் பொறுப்புக்கு மாறிவிட்டன. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பயிற்சி நிலையம் அமைந்தது. விவசாயிகள், சமையல்காரர்கள், தையல்காரர்கள் எனப் பல ஊர்களிலிருந்தும் அங்கே வந்தார்கள். பயிற்சி பெற்றுத் திரும்பித் தங்கள் வீட்டுச் சமையலறையிலும் தேவாலயத்திலும் வகுப்பு நடத்தினார்கள். தென் மாநிலங்கள் முழுவதும் பல நூறு வகுப்புகள் நடந்தன.

மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமரும் அந்தப் பயிற்சி பெற்றவர்தான். தமக்கு ஓட்டுரிமை உண்டு என்பதையே 44 வயதில்தான் அவர் அறிந்தார். 1962-இல் பதியச் சென்ற அன்றே தோட்டத்து வீட்டை இழந்தார். 1963 ஜூன் மாதம் சார்ல்ஸ்டனில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில், காவல் நிலையத்தில் கடுமையாக அடிக்கப்பட்டார். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. கற்ற கல்வியை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

அன்பு என்பது எது?

மார்ட்டின் லூதர் கிங் தம் உரைகளில் அன்பைப் பற்றி அடிக்கடி விளக்குவார். கிரேக்க மொழியில் அன்புக்குப் பல சொற்கள் உண்டு. காதலுக்கு ஒன்று, நட்புக்கு ஒன்று. மூன்றாவது, கைம்மாறு கருதாமல் எல்லார் நலத்தையும் நாடும் அன்பு. ஒருவரைப் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவருடைய நன்மையை நாடினால் போதும் என்பது கிங்கின் விளக்கம். காந்தியடிகளின் வழியைப் போற்றிய அவர், 1959-இல் இந்தியாவுக்கும் சென்று வந்தார்.

கிங் மேடையில் விளக்கிய அந்த அன்பைச் செப்டிமா வகுப்பறையில் காட்டினார். அது தழுதழுத்த குரலில் பேசவில்லை. பெரிய நாற்காலி போட்டது. எளிய கேள்வி கேட்டது. பென்சில் பிடித்து நடுங்கும் கையைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது.

அதே அன்பு தலைவரிடமும் உண்மையைப் பேசியது. எல்லா ஊர்வலங்களுக்கும் தாமே முன்னால் நிற்காமல், ஊருக்கு ஊர் தலைவர்களை உருவாக்கும்படி கிங்குக்குச் செப்டிமா ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நிர்வாகக் குழுவில் இருந்தும், பெண் என்பதால் தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை அவர் உணர்ந்தார். பெண்களைச் சமமாக நடத்தாதது அந்த இயக்கத்தின் பெரிய குறைகளில் ஒன்று என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். ஆனால் கிங்கின் மீது அவருக்கிருந்த மதிப்பு குறையவில்லை. 1964-இல் நோபல் அமைதிப் பரிசு பெற ஓஸ்லோ சென்றபோது, கிங் தம்மோடு அழைத்துச் சென்றவர்களில் செப்டிமாவும் ஒருவர். குறையைச் சொல்லவும் தயங்கவில்லை, கூட நிற்கவும் தயங்கவில்லை. குடும்பத்திலும் சங்கத்திலும் அரிதாகக் காணக் கிடைக்கும் அன்பு இது.

திரும்பி வந்த நாற்காலி

1970-இல் செப்டிமா இயக்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் வீட்டில் உட்காரவில்லை. எழுபது வயதைக் கடந்த பின் சார்ல்ஸ்டன் பள்ளி வாரியத் தேர்தலில் நின்று வெற்றி பெற்றார். வேலையை விட்டுத் துரத்திய அதே ஊரின் பள்ளிகளுக்கு நிர்வாகியாகப் போய் அமர்ந்தார். பறிக்கப்பட்ட ஓய்வூதியத்தை 1976-இல் மாநில ஆளுநர் திரும்ப வழங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது. 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், 89-ஆம் வயதில் அவர் காலமானார். இறந்த இடம், 18 வயதில் அவர் பாடம் நடத்தத் தொடங்கிய அதே ஜான்ஸ் ஐலண்ட்.

பெற்ற உரிமை தானாக நிலைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவை 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. அதன் பின் வாக்காளர் விதிகளைப் பற்றிய வழக்குகள் அங்கே மீண்டும் பெருகின. ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறையும் கற்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் 2021 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஜான்ஸ் ஐலண்ட் மக்கள் இரவு பகலாகப் படித்துப் பெற்ற ஒன்று, இங்கே பிறந்த நாளோடு சேர்ந்தே வருகிறது. எளிதாகக் கிடைப்பதாலேயே அதன் அருமை தெரியாமல் போய்விடக் கூடாது.

நேயர்களின் வீடுகளிலும் ஒரு மூத்தவர் இருப்பார். தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த கையோடு, வங்கியில் பெருவிரலை மையில் ஒற்றிய பாட்டியாக இருக்கலாம். வங்கி இயந்திரத்தின் முன் நின்று, இரகசிய எண்ணை யாரோ ஒருவரிடம் சொல்லிப் பணம் எடுத்துத் தரக் கேட்கும் தாத்தாவாக இருக்கலாம். கைத்தொலைபேசியைப் பேரனிடம் நீட்டும்போது, “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒற்றை வார்த்தையைக் கேட்டு, அதன் பிறகு எதையுமே கேட்காமல் இருந்துவிட்ட அத்தையாக இருக்கலாம். அந்த ஒற்றை வார்த்தைதான் தீவுப் பள்ளியின் சின்ன மேசை.

இந்த வார இறுதியில் அவர்களில் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முறை காட்டியும் விளங்கவில்லை என்றால் பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். கற்றுக் கொடுப்பவரும் அதில் ஏதேனும் ஒன்றைக் கற்றுக் கொள்வார். தம் பெயரைத் தாமே தொட்டுக் காட்ட, அளவுகோலை வாங்கிக் கொண்ட அந்த மூதாட்டியின் முகத்தை, அவர் தம் வீட்டிலேயே பார்க்கவும் கூடும்.